சிவப்புக்குச் சிவப்பு

சிவப்பு வயரைக் கறுப்பு முனையில் சால்டர் செய்து வைத்திருந்தான் எவனோ ஒருவன். எந்த ஊர்த் தொழிற்சாலை, எந்த ஷிஃப்ட், காலையில் வீட்டில் என்ன சண்டை போட்டுவிட்டு வந்தான், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து அந்த வயரைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எங்கேயிருந்தாலும் புரையேறியிருக்க வேண்டும்.

பாடியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. பிறர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்றும் சொல்லலாம். இந்த வேலையில் நீண்ட காலம் இருந்தால் ஒரு வியாதி வரும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலை கோணலாகக் கிடப்பது தெரியும், இலையில் விழுந்த பாயசம் தெரியாது. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அவளும் சிவப்புப் பேனா பிடிக்கிறவள்தான். ஆனால் மாலை மணி அடித்ததும் மூடியைப் போட்டுப் பையில் வைத்துவிடுவாள். என் பேனாவுக்கு மூடி கிடையாது.

அம்பத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் அந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் சுவரைவிட்டுத் தள்ளி நிற்கின்றன. வருகிறவர்கள் நடுவே புகுந்துதான் சோபாவுக்குப் போக வேண்டும். இதற்கு அவள் சம்மதித்ததில் கொஞ்சம் சுயநலம் உண்டு. எங்கள் பங்குக் கோயிலில், அதாவது வட்டாரத்துச் சர்ச்சில், பாடகர் குழுவில் அவள் பாடுகிறாள். பாட்டுப் பழக ஹாலில் நல்ல ஸ்பீக்கர் இருப்பது அவளுக்கும் வசதி. ஸ்பீக்கர்கள் ஒழுங்காகத்தான் பாடிக்கொண்டிருந்தன. ஒழுங்காகப் பாடுகிற ஒன்றை ஏன் திறந்தாய் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம். உள்ளே ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால் ஒலியை மூடியிருக்கும் 'திரை விலகும்' என்று எங்கோ படித்தேன். விலக்கப் போனேன். போன இடத்தில்தான் அந்தச் சிவப்பு வயரைப் பார்த்தேன்.

பெட்டியில் இரண்டு வாய்கள். பெரியது வூஃபர், கனத்த ஒலிக்கு. சிறியது ட்வீட்டர், மெல்லிய ஒலிக்கு. எது யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க உள்ளே ஒரு பலகை உண்டு, கிராஸ்ஓவர் என்பார்கள். வூஃபருக்குச் சிவப்பு வயர் கூட்டல் குறியிலும் கறுப்பு வயர் கழித்தல் குறியிலும் போயிருந்தன. ட்வீட்டருக்கு நேர்மாறு. இரண்டாவது பெட்டியையும் திறந்தேன். அதிலும் அதேதான். ஒரு முறை என்றால் கவனக்குறைவு, இரண்டு முறை என்றால் அயோக்கியத்தனம் என்று முடிவு கட்டினேன். இரண்டையும் பிடுங்கி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மாற்றி சால்டர் வைத்தேன். பிறகு கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு கட்டுரை எழுதினேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஸ்பீக்கர் பைத்தியங்களின் குழு அது. பெரும்பாலும் தொழிற்பேட்டைத் தொழிற்சாலைகளில் டூல் ரூம், மெயின்டனன்ஸ், இன்ஸ்பெக்‌ஷன் என்று இருப்பவர்கள். எல்லோர் கையிலும் ஸ்க்ரூ டிரைவர் உண்டு, அதைக் கீழே வைக்கத்தான் எவருக்கும் தெரியாது. நாட்டில் வேலைத் தரம் கெட்டுப்போனதைப் பற்றி மூன்று பத்தி எழுதி, சிவப்பு வயரின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் பூந்தமல்லி பாய் போன் செய்தார். பிளைவுட் கடை வைத்திருப்பவர். குழுவில் இருப்பவர்களின் பெட்டிக்கெல்லாம் பலகை அவர் கடையிலிருந்துதான் வருகிறது.

"இன்னா மச்சான், உன் மெசேஜைப் பாத்துட்டு என் பொட்டியத் தொறந்தேன். இங்கயும் அதே கதைதான் கீது. இவனுங்க நம்பள இன்னான்னு நெனச்சிகினு கீறானுங்க?"

அவருடையது வேறு கம்பெனி. ஆவடிக்காரர் ஒருவர் திறந்தார், அது மூன்றாவது கம்பெனி, அதிலும் ட்வீட்டர் வயர் தலைகீழ். அன்று குழுவே கொந்தளித்தது. நுகர்வோர் நீதிமன்றம் வரைக்கும் பேச்சுப் போனது. அத்தனை கம்பெனித் தொழிலாளிகளும் ஒரே தவறை ஒரே இடத்தில் எப்படிச் செய்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லா உற்பத்தித் தொகுதியிலும் வருகிற குறை என்றால் முதலில் வரைபடத்தைப் பார் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். அந்தப் பாடம் தொழிற்சாலை கேட்டோடு நின்றுவிடுகிறது. எல்லோரும் அவரவர் பெட்டியைத் திருத்தினார்கள். திருத்திவிட்டு, ஒலிக்கு ஆழம் வந்துவிட்டது, பாடகர் இரண்டடி பின்னால் போய் மேடையில் நிற்கிறார் என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்டது. காசும் உழைப்பும் போட்டுத் திருத்தியவனின் காது, கேட்க விரும்பியதைத்தான் கேட்கும்.

பாஸ்காத் திருவிழாவுக்காக, அதாவது ஈஸ்டருக்காக, பாடகர் குழு புதிய பாடல் ஒன்றைப் பதிவு செய்திருந்தது. நடுவில் ஒரு சரணம் என் மனைவி தனியாகப் பாடியது. குழுவில் இத்தனை காலம் கோரஸில் நின்றவளுக்கு முதல் முறையாகக் கிடைத்த தனிச் சரணம். பதிவு போனில் வந்ததும் அதைத் தன் போனில் போட்டுக் கேட்கக்கூட இல்லை. "பெரிய ஸ்பீக்கர்ல முதல்ல கேக்கணும்" என்றாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஸ்டுடியோவுக்குப் போகிற மாதிரி சோபாவில் உட்கார்ந்தாள்.

கோரஸ் வந்தது. கீபோர்டு வந்தது. சரணம் வந்தது. அவள் குரல் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. கீபோர்டுக்குப் பின்னால், பக்கத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ பாடுவதைப் போல. பாட்டு முடிந்ததும் எழுந்து போய் அரிசி களைந்தாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் மிளகுப்பால் மணந்தது. உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிக்கும் சத்தம் காலை மாலை கேட்டது. வகுப்பில் கத்தக் கூடாது என்று கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்துவதாகச் சொன்னாள். வயசானால் குரல் தேயும் என்று சக ஆசிரியை சொன்னாராம். அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டர். அவர் விளக்கைக் காட்டி, கண்ணாடி வைத்துப் பார்த்து, தொண்டை நன்றாக இருக்கிறது, ஆவி பிடியுங்கள் என்றார். நன்றாக இருக்கிற தொண்டைக்கு எதற்கு ஆவி என்று எனக்கு டாக்டர் மேல் கோபம். இந்தக் காலகட்டத்தில் என்னைத் தவிர எல்லோர் மேலும் எனக்குக் கோபமாக இருந்தது.

அந்த வாரமே பாட்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கோயிலில் கீபோர்டு வாசிப்பதும் குழுவை நடத்துவதும் அவர்தான். பதிவைப் போனில் கேட்டால் எதுவும் பிடிபடவில்லை, நல்ல ஸ்பீக்கரில் ஒருமுறை சேர்ந்து கேட்கலாம் என்றார். கேட்டார். காபியைக் கீழே வைத்துவிட்டு, அடிபட்டவரிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. குரல் கொஞ்சம் உள்ள போயிட்ட மாதிரி இல்ல? அந்தச் சரணத்தை மட்டும் நம்ம காலேஜ் பொண்ணை விட்டுத் திரும்ப எடுத்துரலாமா?"

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிற பெண். நல்ல குரல்தான், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. கீபோர்டை அவ்வளவு சத்தமாக அடித்தால் தேவதூதன் வந்து பாடினாலும் கேட்காது என்று மாஸ்டரிடம் சொன்னேன். பதிவு செய்த அறை சரியில்லை, மைக் சரியில்லை, மைக் வைத்த கை சரியில்லை என்று அடுக்கினேன். என் ஸ்பீக்கர் இந்தக் குறைகளையெல்லாம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, அதன் நேர்மை அப்படி என்றும் சொன்னேன். அந்த நேர்மையைப் பற்றிப் பேசிய வாய்க்கு இன்றைக்கும் நான் மிளகுப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாஸ்டர் பொறுமைசாலி. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் குழு மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்து, இதே ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து சொன்னாள். "அவர் மேல ஏன் பாயறீங்க? என் காதுக்கும் அப்படித்தானே கேட்டுச்சு."

நான் களத்தில் இறங்கினேன். குறை பதிவில்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டாலும், என் பக்கத்துச் சின்னச் சின்னத் தடைகளையும் நீக்கிவிட்டால் சரணம் கொஞ்சம் எழும்பும் என்று கணக்கு. ஸ்பீக்கர்களை ஓர் அடி முன்னே இழுத்தேன். சோபாவை ஓர் அடி பின்னே தள்ளினேன். ஷோகேஸ் கண்ணாடி அதிர்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். ஆம்ப்ளிஃபையர் இருக்கும் பிளக்கிலிருந்து ஃபிரிட்ஜைப் பிரித்தேன், அன்று பால் திரிந்தது. ஜன்னல் வழியாக மின்சார ரயில் சத்தமும் தண்ணீர் லாரி சத்தமும் வருகின்றன என்று கனமான திரைச்சீலை மாட்டினேன். பங்குனி வெயிலில் ஹால் இட்லிப் பானை ஆனது. தெருவில் போர்வெல் போட வந்த லாரிக்காரனிடம் சண்டைக்குப் போனேன். அவன் பாறையைக் குடைந்துகொண்டே, "இன்னா சார், தண்ணி வோணாமா?" என்று கேட்டான். திரும்பி வந்து திரைச்சீலையை இன்னும் இறுக்கி இழுத்துவிட்டேன்.

பாய் வண்டியில் இரண்டு கனத்த பிளைவுட் துண்டுகளை ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்பீக்கருக்கு அடியில் வைத்தால் அதிர்வு அடங்கி ஒலி தெளியுமாம். வைத்துக் கேட்டோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டுவிட்டு, அருமை என்றார். குரல் எங்கே பாய் என்று கேட்டேன்.

"அதான் மச்சான் டெப்த்து. முன்னாடி வந்து மூஞ்சியில பாடறதுக்கு அது இன்னா மீன் விக்குதா?"

இதைச் சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டுவிட்டாள். பாய்க்குப் பிஸ்கட் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது. மாஸ்டரிடம்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் போட்டுக் கேட்டு, பாவம் பார்த்து எதையாவது சொல்லி, அந்தச் சங்கடமெல்லாம் வேண்டாம், அந்தப் பெண்ணே பாடட்டும் என்றாள். குரலில் அழுகை இல்லை, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி சொன்னாள். எப்படியும் எல்லோரும் வரட்டும், கேட்டுவிட்டுப் பேசிக்கொள்வோம் என்று மாஸ்டர் சொல்லியிருப்பார் போல. சரி, வாங்க என்று வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யார் மேல் பாய்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பெட்டியைத் திறந்தேன்.

இடது பெட்டி. உள்ளே இன்னும் கொஞ்சம் பஞ்சு அடைக்கலாம் என்று யோசனை. பஞ்சைத் திணிக்கும்போது ட்வீட்டருக்குப் போகிற வயர் இரண்டும் அறுந்துகொண்டு வந்தன. நான் சால்டர் வைத்த இடத்திலேயே அறுந்தன என்பதைத் தரக்கட்டுப்பாட்டாளன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். மீதி வயர் நீளம் போதவில்லை. சுவிட்ச் போர்டு வேலையில் மிஞ்சிய இரட்டை வயர் கிடந்தது, இரண்டும் வெள்ளை. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, எது கூட்டல் எது கழித்தல் என்று மனதில் கணக்குப் போட்டு, பற்ற வைத்து, மூடினேன்.

சனிக்கிழமை காலை, அந்தப் பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆம்ப்ளிஃபையரில் ஒலியை இடப் பக்கமாக மட்டும் திருப்பிவிட்டு, கையில் கிடைத்ததைப் போட்டேன். கிடைத்தது அவர்கள் பதிவுதான். கோரஸ் போனது, கீபோர்டு போனது, சரணம் வந்தது.

என் மனைவி கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். சரணம் முடியும்வரை அசையவில்லை. கரண்டியிலிருந்து தரையில் சொட்டியது. நான் துடைக்கச் சொல்லவில்லை.

"திரும்பப் போடுங்க."

போட்டேன்.

"இப்ப அந்தப் பக்கம் திருப்புங்க."

வலப் பக்கமாகத் திருப்பினேன். அதே சரணம், அதே சத்தம். பாட்டில் அவள் கீபோர்டுக்குப் பின்னால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இடப் பக்கம் திருப்பினேன். கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு நடுவே வந்து நின்றாள்.

"இந்தப் பக்கம் நான் இருக்கேன். அந்தப் பக்கம் நான் இல்ல" என்றாள். பிறகு, தேர்வுக்கூடத்தில் பிட் அடிக்கிற மாணவனைக் கேட்கிற குரலில், "என்ன பண்ணினீங்க?"

இடது பெட்டியைத் திறந்து வயரைத் தடவிப் பார்த்தேன். பெட்டி கவிழ்ந்து கிடந்ததில் கணக்குத் தப்பியிருந்தது. கூட்டலுக்குப் போக வேண்டியது கழித்தலுக்குப் போயிருந்தது. அந்த முகம் தெரியாத தொழிலாளி செய்ததை அப்படியே நானும் செய்திருந்தேன், அறியாமல். அவன் அறிந்து செய்தது, அவனுக்கு யாரோ வரைந்து கொடுத்தபடி.

விஷயம் இவ்வளவுதான். வழியில் நின்றுபோன ஆட்டோவை ஒருவர் பின்னாலிருந்தும் இன்னொருவர் முன்னாலிருந்தும் தள்ளினால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். மனிதக் குரலின் தெளிவு இருக்கும் இடத்தில்தான் வூஃபரும் ட்வீட்டரும் ஒரே ஒலியைச் சேர்ந்து தள்ளுகின்றன. ஒலியைப் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பலகை, பிரிக்கிற வேலையினாலேயே, அந்த இடத்தில் ஒருவரை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்திவிடும். அதைச் சரிக்கட்டத்தான் ட்வீட்டர் வயரை வேண்டுமென்றே மாற்றிப் போடுகிறார்கள். நான் 'சரி' செய்த பிறகு இருவரும் எதிரெதிராகத் தள்ள, நடுவில் நசுங்கியது ஒரு சரணம். மூன்று கம்பெனிகளும் செய்திருந்தது சதியல்ல, பொறியியல்.

இதை அவளுக்கு விளக்கினேன். ஆட்டோ உதாரணம் நன்றாக வந்திருந்ததால் கொஞ்சம் ரசித்தே விளக்கினேன். அது பிழை. ஏனென்றால் அதுவரை அந்த வீட்டில் கோபப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். கோபம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப நான் குடிச்ச மிளகுப்பால்? டாக்டர்கிட்ட ஆ காட்டிக்கிட்டு உக்காந்தது? பிள்ளைங்ககிட்ட வாய் பேசாம போர்டுல எழுதி எழுதிக் கை வலிச்சது? நேத்து நானே போன் போட்டு அந்தப் பொண்ணு பாடட்டும்னு சொன்னேனே, அது? எல்லாம் உங்க ஒரு வயருக்கா?"

ஒரு வயரல்ல, பெட்டிக்கு இரண்டு என்று திருத்த வாய்வரை வந்தது. வாழ்க்கையில் ஒருமுறை திருத்தாமல் விட்டேன்.

"போய் அந்தப் பக்கமும் மாத்துங்க. மாத்திட்டு என்னைக் கூப்பிடுங்க" என்றாள். வலது பெட்டியில் சால்டர் வைக்கும்போது என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்திருக்கிறேன். மேற்பார்வை செய்யப்படுகிறவனுக்குக் கழுத்தில் வேர்க்கும் என்று எவனும் என்னிடம் சொன்னதில்லை.

ஞாயிறன்று பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். சோபாவில் ஐந்து பேர், தரையில் மற்றவர்கள். ஸ்பீக்கர்களுக்கு நடுவில் இடமில்லாமல் ஒருவர் ஆம்ப்ளிஃபையர் மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கல்லூரிப் பெண் கதவோரம் சங்கடமாக நின்றாள். என் மனைவி சமையலறையில் சமோசா எடுத்து வைக்கிற சாக்கில் உள்ளேயே இருந்தாள். முந்தின நாளே நான்கைந்து முறை போட்டுக் கேட்டிருந்தும் மறுபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் போல, உள்ளே பாத்திரச் சத்தம் எதுவும் இல்லை.

சரணம் வந்தது. தரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தார், பாடுகிறவள் அங்கேயிருந்து வருகிறாளோ என்பது மாதிரி. பாட்டு முடிந்ததும் அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "மாஸ்டர், இதை எதுக்கு மாத்தணும்? ஆன்ட்டி பாடினதே இருக்கட்டும். நான் கோரஸ்லயே நிக்கறேன்."

மாஸ்டர் மோவாயைத் தடவினார். "டீச்சர், இது வேற டேக்கா? அன்னிக்குக் கேட்டது இது இல்லையே."

அதே டேக்தான். என் வாய் திறந்தது. ஆட்டோ உதாரணம் நாக்கு நுனியில் நின்றது. அவள் தட்டோடு வெளியே வந்தாள், என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"அதேதான் மாஸ்டர். அன்னிக்கு வீட்ல ஒருத்தருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. இப்பத் தேவல."

மாஸ்டர் புரிந்துகொண்டாரோ இல்லையோ, சமோசா எடுத்துக்கொண்டார். சரணம் அவளுடையதாகவே இருந்தது. கீபோர்டைப் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, அடுத்த பதிவில் கொஞ்சம் குறைத்து வாசிக்கிறேன் என்று போகும்போது அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு அந்த மனிதர் நல்லவராக இருப்பது அநியாயம்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதினேன். மறுப்பும் விளக்கமும். எல்லோரும் வயரைப் பழையபடி மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முதல் கட்டுரைக்குக் கை தட்டியவர்கள் எவரும் இதைத் திறந்து பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பாய் மட்டும் போன் செய்தார்.

"உன் ஊட்டுப் பொட்டியில கோளாறு இருந்திருக்கும் மச்சான். என்துல இப்பத்தான் சூப்பரா கீது. நான் மாத்த மாட்டேன்."

அவர் வீட்டில் யாரும் பாடுவதில்லை. என்ன செய்ய முடியும்?

எனக்கு இன்னும் ஒரு கோபம் பாக்கியிருக்கிறது, அதை எங்கேயும் கரைக்க முடியவில்லை. வேண்டுமென்றே வயரை மாற்றிப் போடுகிறவன், பெட்டிக்குள்ளே ஒரு சின்னத் தாள் ஒட்டினால் என்ன? 'இது இப்படித்தான் இருக்க வேண்டும், கை வைக்காதே' என்று ஒரு வரி போதாதா? எங்கள் தொழிற்சாலையாக இருந்தால் இதற்கே நான் தொகுதியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஒட்டியிருந்தா அந்தத் தாளையும் தப்புன்னு கிழிச்சிருப்பீங்க."